ஊசி போடாமல் மஞ்சள் அட்டை வாங்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. தங்கை உகாண்டாவில், கம்பாலாவில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்கு அம்மா அடுத்த மாதம் போகிறார். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரையும் மூட்டு வலியும் உண்டு. இந்த வயதில் புது ஊசி வேண்டாம் என்று பயப்படுகிறார். எங்கள் டிராவல்ஸ்காரர், ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டையை ஊசியே போடாமல் 4,500 ரூபாய்க்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். தடுப்பூசிக்கு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் இப்படிக் கேட்பது சரியா? அம்மா என்ன செய்யலாம்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: முதலில் டிராவல்ஸ்காரர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அந்த அட்டையை வாங்காதீர்கள். தெரிந்தவர், நம்பிக்கையானவர், போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாங்கிக் கொடுத்தவர் என்றாலும் வாங்காதீர்கள்.

பயணத் தடுப்பூசி போடும் இடத்தில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். நைஜீரியாவுக்கு வேலைக்குப் போகவிருந்த ஒரு மெக்கானிக், ஏஜென்ட் கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அதைப் பார்த்துச் சரிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். பார்த்தேன். பெயர் சரி, பாஸ்போர்ட் எண் சரி, முத்திரைகூட எங்கள் முத்திரை மாதிரியேதான் இருந்தது. ஊசி போட்ட தேதி ஜனவரி 15. பொங்கலன்று எங்கள் மையத்துக்குப் பூட்டு! தடுப்பு மருந்தின் பேட்ச் எண் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு போன் நம்பரின் பாதி மாதிரி ஏதோ கிறுக்கியிருந்தது. அன்றே உண்மையான ஊசி போட்டோம். ஆனால் டிக்கெட்டுக்கு நான்கு நாள்தான் இருந்தது. அட்டை செல்லுபடியாகப் பத்து நாள் வேண்டும். டிக்கெட் போயிற்று, ஏஜென்டுக்குக் கொடுத்த பணமும் போயிற்று. ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை.

அவர் வந்து கேட்டதால் இதோடு போனது. விமான நிலையத்தில் பிடிபட்டிருந்தால் அது போலி ஆவணம், கிரிமினல் விவகாரம். மாட்டுவது அட்டையை நீட்டுகிறவர்தான், அச்சடித்தவர் அங்கே இருக்கமாட்டார். உங்கள் விஷயத்தில் அட்டையை நீட்டப்போவது உங்கள் அம்மா.

சரி, நீதிமன்றத்துக்கு வருவோம். கொரோனா தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து ஜேக்கப் புலியேல் என்பவர் போட்ட வழக்கில் 2022 மே 2-ஆம் தேதி வந்த தீர்ப்பைத்தான் சொல்கிறீர்கள். தன் உடல்மீது ஒருவருக்குள்ள உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடக்கம், யாரையும் பிடித்து ஊசி போட முடியாது என்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றியது இந்தப் பாதி. மற்றொரு பாதியும் இருக்கிறது. ஊர் நலனுக்காக அரசு நிபந்தனை விதிக்கலாம், அது நியாயமாகவும் அளவோடும் இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கொரோனாவில் ஊசி போட்டவரும் நோயைப் பரப்பினார், போடாதவரும் பரப்பினார். போடாதவரால்தான் கூடுதல் ஆபத்து என்பதற்கு அரசுகள் தரவு எதுவும் காட்டவில்லை. அதனால்தான் தொற்று குறைவாக இருக்கும்வரை, ஊசி போடாதவர் பொது இடங்களுக்கு வரக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் வேண்டாம் என்றார்கள்.

மஞ்சள் காய்ச்சலின் கணக்கு வேறு. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து யாரும் ஊசி போடப்போவதில்லை. வேண்டாம் என்றால் போடாமல் இருக்கலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. ஆனால் ஊசி போடாமல் உகாண்டாவுக்குள் நுழைவேன், அங்கிருந்து கிளம்பி நேராகத் தஞ்சாவூர் வருவேன் என்று சொல்ல முடியாது. அங்கே போனால் வாசலில் அவர்கள் கேட்பார்கள். திரும்பி வந்தால் நம் அரசு கேட்கும். பலரும் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான். போகிற நாடு கேட்கிறதா என்று மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நோய் உள்ள நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்கினால், ஆறு நாள்வரை தனிமையில் வைக்க நம் விமான நிலைய சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

நம் அரசு ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது? உங்கள் வீட்டுப் பின்கட்டில் மூடாத தண்ணீர் டிரம் இருக்கிறதா? அதில் வளரும் வரிக்கால் கொசு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், இருக்கிறதே, மஞ்சள் காய்ச்சலையும் பரப்பக்கூடியது அதேதான். கொசு நம்மிடம் ஏராளம், கிருமி மட்டும் இதுவரை வந்து தங்கவில்லை. கிருமி உடம்பில் ஏறி மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல் காட்டும். அந்தக் காய்ச்சலோடு ஒருவர் மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தால் போதும். அவரைக் கடித்த கொசு, சில நாள் கழித்து அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். அந்தக் குழந்தையிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. முற்றிய நிலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர்வரை இறக்கிறார்கள், இதற்கென்று தனி மருந்து கிடையாது. நம் நாட்டில் இதற்கு எதிர்ப்புச் சக்தி உள்ளவர் அபூர்வம். 2016-இல் அங்கோலாவில் நோய் பரவியபோது, அங்கே வேலை பார்த்துவிட்டுச் சீனாவுக்குத் திரும்பிய 11 பேருக்கு இந்தக் காய்ச்சல் இருந்தது. ஆசியாவுக்குள் அது வந்து சேர்ந்ததாக உறுதியானது அதுதான் முதல் முறை. நல்லவேளை, அங்கே பரவவில்லை.

ஒரு வார்த்தை இடையில். இது மஞ்சள் காமாலை இல்லை. கீழாநெல்லி குடித்திருக்கிறேன் என்றும், காமாலை ஊசி போட்ட ரசீது இருக்கிறது என்றும் வருபவர்களை மாதம் இரண்டு பேராவது பார்த்திருக்கிறேன்.

இப்போது அம்மாவின் பயம். அதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். இது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி. 1930-களில் மாக்ஸ் தைலர் உருவாக்கியது, 1951-இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. கோடிக்கணக்கானோர் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் உடம்பு வலியோடு சரி. ஆனால் 60 வயதுக்கு மேல் முதல் முறையாகப் போடுகிறவர்களுக்கு, மிக அரிதாக, ஊசிக் கிருமியே உள்ளுறுப்புகளைத் தாக்கும் ஆபத்து இளையவர்களைவிடச் சற்றுக் கூடுதல். லட்சம் பேரில் ஒருவர், இருவர் என்ற அளவில் பேசுகிற விஷயம் இது. இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. 60 வயது என்பது போடக் கூடாது என்ற தடை இல்லை, யோசித்துப் போடு என்ற எச்சரிக்கை. சர்க்கரையும் தடை இல்லை.

எனக்குக் கவலை அந்த மூட்டு வலிதான். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. வயதானால் வரும் தேய்மானத்துக்கு வலி மாத்திரை என்றால் பிரச்சினை இல்லை. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாதிரி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தோ, ஸ்டீராய்டோ சாப்பிடுகிறார் என்றால் கதையே வேறு. உயிருள்ள கிருமியை அடக்க உடம்பில் ஆள் இல்லாமல் போய்விடும். இதில் கொடுமை, நிறையப் பேருக்குத் தாங்கள் ஸ்டீராய்டு சாப்பிடுவதே தெரியாது. 'ஊர்ல ஒருத்தர் கொடுப்பார் சார், ரெண்டே நாள்ல வலி போயிடும்' என்று பேரில்லாத சிறு பிளாஸ்டிக் கவரில் வெள்ளை மாத்திரையும் பொடியுமாகக் கொண்டுவருவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவரும் சொல்லமாட்டார். ஆகவே அம்மாவின் மாத்திரை டப்பாவை அப்படியே ஒரு பையில் போட்டு, அந்தக் கவர் உள்பட, அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். முட்டை சாப்பிட்டு மூச்சுத் திணறல் வந்ததுண்டா, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் ஏதாவது கோளாறோ அறுவையோ உண்டா, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தாரா என்பதையும் சொல்லுங்கள்.

ஊசி கூடாது என்று மருத்துவர் சொன்னால், அதற்கு முறையான வழி இருக்கிறது. என்ன காரணம் என்பதை அவர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். சர்வதேச சுகாதார விதிகளிலேயே இதற்கு இடம் உண்டு. 'வயதானவர், விலக்கு அளிக்கவும்' என்று ஒற்றை வரியில் எழுதிய சீட்டு உதவாது. அந்தச் சீட்டையும் ஐநூறு ரூபாய்க்கு வாங்கித் தர ஆள் இருக்கிறார்கள், அதையும் வாங்காதீர்கள். ஒழுங்கான கடிதமே இருந்தாலும், அதை அதிகாரி கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி, ஏற்றே ஆக வேண்டும் என்று இல்லை. உகாண்டாவில் ஏற்பதா வேண்டாமா என்று யோசிப்பார்கள். இங்கே திரும்பும்போது, கடிதம் இருந்தும் ஆறு நாள் தனிமை என்று சொல்லக்கூடும். அதனால் கடிதம் கைக்கு வந்ததும் உகாண்டா தூதரகத்திலும் விமான நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே டிக்கெட் போடுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், பிரசவத்துக்குத் தங்கை இங்கே வர முடியுமா என்று யோசிப்பது நல்லது. கர்ப்பிணிகளை எத்தனையாவது மாதம்வரை ஏற்றுவார்கள் என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதைச் சீக்கிரம் கேளுங்கள்.

ஊசி போடலாம் என்று சொல்லிவிட்டால் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோதான் போக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், அல்லது துறைமுக சுகாதார அலுவலகம்; தூத்துக்குடியில் துறைமுக சுகாதார அலுவலகம். மத்திய சுகாதாரத் துறை அங்கீகரித்த மையங்களின் பட்டியலைப் பார்த்து, எந்த நாளில் போடுகிறார்கள் என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில், எவ்வளவு பெரிய மருத்துவமனையானாலும், போட்ட ஊசிக்கு விமான நிலையத்தில் மதிப்பில்லை. மருந்துக் குப்பியைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், அதனால் ஆள் சேர்த்து, நாள் குறித்துத்தான் போடுவார்கள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஏறக்குறைய மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரி, எல்லாவற்றிலும் குளிர்பதனப் பெட்டி, எல்லாவற்றிலும் ஊசி போடத் தெரிந்த ஆட்கள் என்று இருக்கிற மாநிலத்தில், 64 வயது அம்மா ஒரு ஊசிக்காக இவ்வளவு தூரம் பஸ்ஸில் போக வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. முத்திரை குத்தும் அதிகாரத்தைக் கொஞ்சம் பரவலாக்குங்கள் என்று எழுதிக் கொடுத்துக் கை வலித்ததுதான் மிச்சம். அரசு மையத்தில் கட்டணம் சில நூறு ரூபாய். மீதி நாலாயிரத்தைச் சம்பாதிக்க உங்கள் டிராவல்ஸ்காரருக்கு வழிவிட்டதே இந்தத் தூரம்தான்.

நாள் கணக்கைக் கவனியுங்கள். 1-ஆம் தேதி போட்டால் 11-ஆம் தேதியிலிருந்துதான் அட்டை செல்லும். அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். 2016 ஜூலை 11-இலிருந்து உலகம் முழுக்க அதுதான் விதி. பழைய அட்டைக்கும் அதே விதிதான். பத்து வருடம் ஆகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரும் காசுக்குத்தான் சொல்கிறார். ஊசி போட்ட அம்மா தங்கை பக்கத்தில் இருந்தால் அவளுக்கோ வயிற்றுக் குழந்தைக்கோ ஒன்றும் ஆகாது, அது தொட்டால் பரவுவது இல்லை. கொசுவலையும் மலேரியா மாத்திரையும் பற்றி அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மையத்துக்கு அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப்போங்கள். அட்டையை வாங்கியதும் கவுன்டரை விட்டு நகராமல், பெயரின் எழுத்து, பாஸ்போர்ட் எண், தேதி, பேட்ச் எண், கையெழுத்து, முத்திரை ஆறையும் அங்கேயே சரிபாருங்கள். தப்பு இருந்தால் அவர்களே திருத்தித் தரட்டும், நீங்கள் பேனாவைத் தொடாதீர்கள். பயணத்தன்று அது அம்மாவின் கைப்பையில், பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். ஊறுகாய், பருப்புப் பொடியோடு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, செக்-இன்னில் போட்டுவிட்டு, கவுன்டரில் நின்று தேடியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.