வீட்டுப் பட்டறைக்குக் கையைக் கடிக்காத கேட் மென்பொருள்: கேள்வி பதில்

வீட்டிலேயே வரைந்து, வெட்டி, சேர்த்துச் செய்பவர்களுக்கு எந்த கேட் (CAD, கணினியில் அளவோடு வரையும்) மென்பொருள் சரிவரும் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணா, பிளைவுட்டில் அலமாரி, மேசை எல்லாம் செய்து பார்க்கிறேன். பணம் போட முடியாது. சிலர் ஃப்யூஷன் என்கிறார்கள், சிலர் ஃப்ரீகேட் என்கிறார்கள். எதில் ஆரம்பிக்கட்டும்?

பதில்: ஃப்ரீகேட்டில் ஆரம்பியுங்கள் தம்பி. முழுக்க இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், நெட் இல்லாமலும் ஓடும், வரைந்த கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். ஆனால் உங்கள் வேலைக்கு இதைச் சொல்ல முக்கியக் காரணம் வேறு. 18 மி.மீ. என்று சொல்லி வாங்கும் பிளைவுட்டை வெர்னியரில் பிடித்துப் பாருங்கள், 17.4 என்று காட்டினாலும் ஆச்சரியமில்லை. நீங்கள் 18 என்று வைத்து எல்லாப் பள்ளத்தையும் வரைந்திருந்தால் தட்டு உள்ளே லொடலொடவென்று ஆடும். ஃப்ரீகேட்டில் ஸ்ப்ரெட்ஷீட் ஒன்று உள்ளேயே இருக்கிறது. அதில் ஒரு கட்டத்தில் பலகைத் தடிமனைப் போட்டு அந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, ஸ்கெட்ச்சில் அளவு கேட்கும் இடத்திலெல்லாம் எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரைக் கொடுங்கள். பலகை வந்ததும் அளந்து அந்த ஒரு கட்டத்தை மட்டும் 17.4 ஆக்கினால் போதும், பள்ளம், தட்டின் நீளம், பின்பலகை எல்லாம் தானாக மாறிக்கொள்ளும். கேட் கற்றுக்கொள்வதன் பெரிய பலனே இதுதான், வெறும் கோடு போட ஒரு ஸ்கேலும் பென்சிலும் போதும். முதலில் ஸ்கெட்ச்சர், பார்ட் டிசைன் இரண்டு பகுதிகளை மட்டும் தொடுங்கள், மற்றவை இப்போதைக்குத் தேவையில்லை. ஸ்கெட்ச்சில் எல்லா அளவும் கொடுத்து முடித்ததும் கோடுகள் பச்சையாகும், அது வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் ஃப்யூஷன் மோசமா? அதன் இலவசப் பதிப்பு நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: மோசமே இல்லை. பழகுவதற்கு ஃப்ரீகேட்டைவிட அதுதான் சுலபம், பாட வீடியோக்களும் அதற்குக் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் சொந்த உபயோகத்துக்கான இலவச உரிமத்தில் ஒரே நேரத்தில் 10 வரைபடங்களைத்தான் திருத்தும் நிலையில் வைத்திருக்கலாம், மற்றவற்றைப் பூட்டி வைத்துத் தேவைப்படும்போது மாற்றி மாற்றித் திறக்க வேண்டும். சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி பலகையை வெட்டும் மெஷின்) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: வெட்டாமல் நகரும் இடத்தில்கூட மெஷின் வேகமாகப் போகாது, வெட்டும் வேகத்திலேயே ஊர்ந்து போகும். எல்லாவற்றுக்கும் மேலே, உரிம விதியை அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனிதான் தீர்மானிக்கிறது, 2020இல் இலவசப் பதிப்பிலிருந்து பல வசதிகளை எடுத்ததும் அவர்கள்தான். அதில் வரைந்தால் முடிந்த ஒவ்வொன்றையும் ஸ்டெப் கோப்பாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேறு எதில் வேண்டுமானாலும் திறக்கலாம்.

கேள்வி: சார், இரும்பு கேட், ஜன்னல் கிரில் செய்கிறேன். 2டி வரைந்தால் போதும். தெரிந்த கடையில் ஆட்டோகேட் கிராக் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கிராக் செய்த கோப்போடு வைரஸ் வருவது சர்வசாதாரணம், அதே கணினியில்தானே வங்கிக் கணக்கும் பார்க்கிறீர்கள். சட்டப்படியும் தப்பு. உங்களுக்கு லிப்ரேகேட் தாராளமாகப் போதும், இலவசம், மிகவும் லேசானது. ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி கோப்பு வந்தால் அது தடுமாறும், அனுப்புபவரிடமே டிஎக்ஸ்எஃப் ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்ரிலிக்கில் 100 மி.மீ. பெட்டி வரைந்து லேசர் கடைக்கு அனுப்பினேன். அவர் கணினியில் 4 மி.மீ.கூட இல்லை. இன்னொரு தடவை அளவு சரியாக வந்தும் மூலைகள் கவ்வவில்லை. எங்கே தப்பு?

பதில்: முதலாவது, கோப்பு அங்குலத்தில் வெளியாகியிருக்கிறது, அவர் மெஷின் அதை மி.மீ. என்று படித்திருக்கிறது. 100ஐ 25.4ஆல் வகுத்துப் பாருங்கள், 3.94 வரும். ஏற்றுமதி செய்யும்போது மி.மீ. தேர்ந்தெடுங்கள், கூடவே ஓரத்தில் தனி லேயரில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு, "இது 100 இருந்தால்தான் வெட்டுங்கள்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் கோடு பல பலகைகளைக் காப்பாற்றும்.

இரண்டாவது, லேசர் போகும் பாதையில் கொஞ்சம் பொருள் எரிந்து போகிறது. மெல்லிய அக்ரிலிக்கில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கும், மெஷினுக்கு மெஷின் மாறும். அதனால் பள்ளம் பெரிதாகிறது, பல் சிறிதாகிறது. 3 மி.மீ. அக்ரிலிக் என்றால், முதலில் ஒரு துண்டில் 2.7, 2.8, 2.9, 3.0 என்று நான்கு பள்ளம் வெட்டச் சொல்லி, அதே அக்ரிலிக்கைச் செருகிப் பாருங்கள். எது விரலால் அழுத்தினால் போய் கவ்விக்கொள்கிறதோ அந்த அளவில் மொத்தத்தையும் வரையுங்கள். இன்னொன்று, ஒரே கோட்டின் மேல் இன்னொரு கோடு கிடந்தால் லேசர் அங்கே இரண்டு தடவை வெட்டி ஓரத்தைக் கருக்கிவிடும், அனுப்புவதற்கு முன் அதையும் பாருங்கள்.

கேள்வி: அக்கா பொண்ணு ஏழாம் வகுப்பு. 3டி பிரிண்டரில் ஆர்வம். அவளுக்கு எது?

பதில்: டிங்கர்கேட். பிரவுசரிலேயே ஓடும், இலவசம், அரை மணியில் அவளே ஏதாவது செய்துவிடுவாள். பெரியவர்களும் வெட்கப்படாமல் தொடங்கலாம்.

கேள்வி: நெட்டில் இறக்கிய எஸ்டிஎல் கோப்பில் ஒரு ஓட்டையை 6இலிருந்து 8 மி.மீ. ஆக்க வேண்டும். ஃப்ரீகேட்டில் திறக்கிறது, அளவு மாற்ற வழியே இல்லை.

பதில்: எஸ்டிஎல்லில் ஓட்டை என்று ஒன்று கிடையாது, வெறும் முக்கோணங்களின் கூட்டம்தான் இருக்கும், அதில் மாற்ற அளவும் இல்லை, அலகும் இல்லை. அதே பக்கத்தில் ஸ்டெப் கோப்பும் கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எஸ்டிஎல்லை டிங்கர்கேட்டில் ஏற்றி, அந்த இடத்தில் 8 மி.மீ. உருளையை ஓட்டையாக வைத்துச் சேர்த்துவிடுங்கள். எம் 8 போல்ட் நுழைவதற்காக என்றால் 8 போதாது, 9 வையுங்கள், பிரிண்டர் ஓட்டையைக் கொஞ்சம் சுருக்கித்தான் அடிக்கும்.

கேள்வி: செய்வதை விற்கவும் ஆரம்பித்திருக்கிறேன். எந்த இலவச மென்பொருளில் சட்டச் சிக்கல் வராது?

பதில்: ஃப்ரீகேட், லிப்ரேகேட், நிரல் எழுதி 3டி உருவாக்கும் ஓப்பன்எஸ்கேட் மூன்றிலும் விற்பனைக்குத் தடையே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் சம்பாதியுங்கள். ஃப்யூஷனின் இலவச உரிமம் ஆண்டுக்கு 1,000 டாலருக்குள் வரும் சிறு வருமானம் வரைதான். பிரவுசரில் ஓடும் ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கு வியாபாரத்துக்கு அல்ல, அதோடு நீங்கள் வரைவது எல்லோருக்கும் தெரியும்படி பொதுவில் இருக்கும். சாலிட் எட்ஜின் இலவசப் பதிப்பும் வியாபாரத்துக்குக் கிடையாது.

கேள்வி: ஃப்ரீகேட்டை நான்கைந்து வருடம் முன்பு முயன்றேன். முதல் ஸ்கெட்ச்சில் சின்ன மாற்றம் செய்தால் மேலே கட்டியது எல்லாம் சிதறியது. இன்னும் அப்படித்தானா?

பதில்: அந்தக் கோபம் நியாயமானது, அதனால் விட்டுப் போனவர்கள் ஏராளம். பொருளின் ஒரு பக்கத்தை நீங்கள் தொட்டால் மற்ற பக்கங்களின் உள்பெயர் மாறிப்போகும், அதன்மேல் உட்கார்ந்திருந்த ஸ்கெட்ச் வேறு பக்கத்துக்குத் தாவிவிடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள், பாகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும் அசெம்ப்ளியும் உள்ளேயே வந்துவிட்டது. அதனால் 1.0 அல்லது அதற்குப் பிந்தையதையே போடுங்கள். அப்போதும் ஸ்கெட்ச்சை ஒரு பக்கத்தின்மேல் வைக்காமல் அடிப்படைத் தளங்களில் வைத்து, தேவையான தூரத்துக்கு நகர்த்திப் பழகினால் உடைவது இன்னும் குறையும்.

கேள்வி: 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். என்ன வாங்கிச் சேர்க்கட்டும்?

பதில்: முதலில் சக்கரத்தை அழுத்தக்கூடிய ஒரு சாதாரண மவுஸ், டச்பேடில் 3டி வரைவது வதை. அப்புறம் ராமை 8 ஆக்க முடிந்தால் ஆக்குங்கள், இன்னும் ஹார்டு டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி. அதுவரை லிப்ரேகேட், அல்லது சின்னப் பொருளாக இருந்தால் ஃப்ரீகேட்டே ஓடும்.