கேம் விளையாடவும் அன்றாட வேலைக்கும் எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ நல்லது?

கேள்வியில் நீங்கள் கொடுத்த விவரம் இது: ஐ5-7400 பிராசஸர், என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, 7-ஆம் தலைமுறை பிராசஸர் என்பதால் விண்டோஸ் 11 ஏற மாட்டேன் என்கிறது. நீங்கள் விளையாடுவது கவுன்டர் ஸ்டிரைக் 2, எல்டன் ரிங், ஜிடிஏ 5. தம்பி வாலரன்ட் ஆடுவான். மற்றபடி பிரவுசர், வேர்டு, எக்ஸெல், பிரிண்டர்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். (டிஸ்ட்ரோ என்றால் ஒவ்வொரு குழுவும் தன் வழியில் தொகுத்துத் தரும் லினக்ஸ்.) உங்கள் கணினிக்கு லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் பதிப்பு. யூடியூபில் 'கேமிங் டிஸ்ட்ரோ' என்று தம்ப்நெயில் போட்டுக் காட்டுகிற எதையும் நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை.

ஏன் என்று கேட்டால், கேம் வாங்கி இறக்கும் ஸ்டீம் செயலி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுவது ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருள். கேம் கேட்கும் டைரக்ட்எக்ஸ் (விண்டோஸின் கிராபிக்ஸ் கட்டளை முறை) 11 வரையான கட்டளைகளை அதிலுள்ள டிஎக்ஸ்விகே, லினக்ஸுக்குப் புரியும் வல்கனுக்கு மாற்றிக் கொடுக்கிறது, டைரக்ட்எக்ஸ் 12-ஐ விகேடி3டி-புரோட்டான் பார்த்துக்கொள்கிறது. இவை எல்லாம் ஸ்டீமோடு சேர்ந்தே இறங்குகின்றன. கேமுக்கு வேண்டிய லைப்ரரிகளைக்கூட ஸ்டீம் தன் சொந்தக் கன்டெய்னருக்குள் வைத்திருக்கிறது. ஆகவே மின்டில் ஓடும் புரோட்டானும் பெடோரா என்ற இன்னொரு டிஸ்ட்ரோவில் ஓடும் புரோட்டானும் ஒன்றேதான். டிஸ்ட்ரோவின் பங்கு என்று மிஞ்சுவது கெர்னலும் (சிஸ்டத்தின் மையப் பகுதி) கிராபிக்ஸ் டிரைவரும் மட்டுமே. அந்த இரண்டும் உங்கள் கார்டுக்கு ஒத்துவந்தால், டிஸ்ட்ரோ மாற்றுவதால் கிடைக்கும் வேக வித்தியாசம் விளையாடும்போது கண்ணுக்குத் தெரியாது. கிராப் போட்டுப் பார்த்தால் தெரியலாம்.

உங்கள் விஷயத்தில் கார்டுதான் முடிவு செய்கிறது. 1060 பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்தது. 900, 1000 வரிசைக் கார்டுகளுக்கு என்விடியாவின் 580 டிரைவர் கிளையே கடைசி. 590-இலிருந்து அந்தக் கார்டுகள் கிடையாது. ஆர்ச் லினக்ஸ் 2025 டிசம்பரில் தன் முதன்மைத் தொகுப்பை 590-க்கு மாற்றியது. பாஸ்கல் வைத்திருந்தவர்கள் பழைய 580-ஐ ஏயுஆர் என்ற பயனர் களஞ்சியத்திலிருந்து தாங்களே எடுத்துப் போட வேண்டியதாயிற்று. ஆர்ச் ஆட்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. லினக்ஸில் இப்போதுதான் கால் வைப்பவருக்கு, அப்டேட் கொடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் கறுப்புத் திரை வந்தால் அன்றைய நாள் போச்சு. மின்ட் 22 உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. டிரைவர் மேனேஜரைத் திறந்தால் 580 பட்டியலில் இருக்கும். தேர்ந்தெடுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், அவ்வளவுதான்.

பழைய கார்டுக்கு இந்த நிதானம் வரம். புதுக் கார்டுக்கு அதுவே தொல்லை. உதாரணத்துக்கு, 2025 மார்ச்சில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 9070-ஐ வாங்கி, கெர்னல் 6.8-உடன் வந்த மின்ட் 22.1-இல் செருகியிருந்தால் ஒழுங்காக ஓடியிருக்காது. ஏஎம்டி கார்டுக்கு டிரைவரே கெர்னலும், மேசா என்ற கிராபிக்ஸ் தொகுப்பும்தான், அவை புதிதாக இருக்க வேண்டும். 22.2-இல் கெர்னல் 6.14 வந்த பிறகு நிலைமை மாறியது. என் மேசையில் ரேடியான் கார்டு இருக்கிறது, அதனால் பெடோரா கேடிஇ வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, கெர்னல் எப்போதும் புதிது. அண்ணன் வீட்டில் இருப்பது பழைய என்விடியா, அங்கே மின்ட். நாளை நீங்கள் கார்டை மாற்றினால் இந்தப் பதிலையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பாஸைட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல டிஸ்ட்ரோதான், குறை சொல்ல மாட்டேன். பெடோராவின் மேல் கட்டப்பட்டது, ஸ்டீம் உள்ளேயே வரும், அப்டேட் கெட்டுப்போனால் பூட் மெனுவில் முந்தைய நிலையைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். ஆனால் அதன் சிஸ்டம் பகுதி பூட்டப்பட்டது, செயலிகளைப் பெரும்பாலும் பிளாட்பேக்காகத்தான் (சிஸ்டத்தைத் தொடாத தனிப் பொட்டலம்) போட வேண்டும். டிவியோடு இணைத்து விளையாட மட்டும் ஒரு பெட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்வேன். பழைய பிரிண்டர், தமிழ் எழுத்துரு என்று வீட்டுக் கணினியில் எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பவருக்கு மின்ட் இலகு. கேச்சிஓஎஸ் என்ற இன்னொரு டிஸ்ட்ரோ ஆர்ச் வழி வந்தது. முதல் லினக்ஸாக வேண்டாம்.

இப்போது கேம்கள். கவுன்டர் ஸ்டிரைக் 2-க்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. எல்டன் ரிங் புரோட்டானில் ஆன்லைன் உட்பட ஓடும். ஆனால் அது டைரக்ட்எக்ஸ் 12 கேம். என்விடியா கார்டுகளில் டைரக்ட்எக்ஸ் 12 என்றால் விண்டோஸைவிட பிரேம் குறையும், பாஸ்கலில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே குறையும். செட்டிங்ஸை ஒரு படி இறக்கிக்கொள்ளுங்கள். ஜிடிஏ 5 கதைப் பகுதி ஓடும். ஆன்லைன் ஓடாது. 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட்டை (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) சேர்த்தபோது லினக்ஸ் ஆதரவை இயக்காமல் விட்டுவிட்டார்கள்.

வாலரன்ட்டுக்கு வழியே இல்லை. அதன் வேன்கார்ட் விண்டோஸ் கெர்னலுக்குள் உட்காரும் ஆன்டி-சீட். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் புரோட்டான் அதை ஏமாற்ற முடியாது. ஃபோர்ட்நைட்டும் அப்படித்தான். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் அதையும் நிறுத்திவிட்டார்கள். எந்தக் கேமை வாங்குமுன்பும், லினக்ஸில் அது ஓடுமா என்று சொல்லும் புரோட்டான்டிபி தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். தம்பி வாலரன்ட்டை விட மாட்டான் என்றால் (விட மாட்டான்), விண்டோஸை அதன் எஸ்எஸ்டியிலேயே விட்டுவிட்டு மின்டுக்கு வேறொரு எஸ்எஸ்டி வாங்குங்கள். ஒரே டிஸ்கைப் பிரித்து இரண்டையும் போடுவதைவிட இது நிம்மதி. அந்த விண்டோஸில் வங்கிக் கணக்கு மட்டும் திறக்காதீர்கள்.

டிஸ்க் பற்றிப் பேசும்போதே ஒன்று: விண்டோஸில் இறக்கிய கேம் கோப்புகளை அதே என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் டிஸ்க் வடிவம்) பகுதியிலிருந்து லினக்ஸ் ஸ்டீமில் ஓட்டலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். புரோட்டான் தன் கோப்புறைக்குள் 'சி:' என்று முக்காற்புள்ளியோடு ஒரு இணைப்பை உருவாக்கும், என்டிஎஃப்எஸ்ஸில் அந்தப் பெயர் செல்லாது. கேம் காரணமே சொல்லாமல் திறந்து மூடும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 பகுதிக்கு நகலெடுத்து ஓட்டுங்கள். ஸ்டீமையும் அதன் தளத்திலிருந்து டெப் (மின்டின் நிறுவல் கோப்பு) கோப்பாக இறக்கிப் போடுங்கள். உபுண்டுவின் ஸ்னாப் வடிவத்தைத் தவிர்க்கச் சொல்லி வால்வ் பொறியாளர் ஒருவரே 2024-இல் எழுதியிருந்தார். எபிக், ஜிஓஜி கேம்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் போதும்.

அன்றாட வேலையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லிப்ரே ஆபிஸில் சாதாரண வேர்டு கோப்புகள் திறக்கும். மேக்ரோ நிறைந்த எக்ஸெல் என்றால் தகராறு செய்யும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவை ஹோமில் ஃபாண்ட்ஸ் கோப்புறைக்குள் போட்டாலே தெரியும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டர்தான் எனக்குச் சந்தேகம், மாடலை நீங்கள் சொல்லவில்லை. ஹெச்பி என்றால் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் காணும் கேனான் எல்பிபி 2900 என்றால் அது கேனானின் கேப்ட் என்ற தனி டிரைவர் கேட்கும், லினக்ஸில் அதை அமைப்பது உண்மையிலேயே தலைவலி. எதையும் அழிக்குமுன் மின்டை பென்டிரைவில் போட்டு, நிறுவாமலே பூட் செய்து, பிரிண்டர், வைஃபை, ஒலி மூன்றையும் சோதித்துவிடுங்கள். அப்புறம் நிறுவும்போது செக்யூர் பூட் (கையெழுத்திடப்படாத மென்பொருளைத் தடுக்கும் பயாஸ் காவல்) இயங்கிக்கொண்டிருந்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் வரும் நீலத் திரையில் அதையே கொடுத்து 'என்ரோல்' செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டால் என்விடியா டிரைவர் ஏறாது, 1060 இருந்தும் கேம் ஸ்லைடு ஷோ மாதிரிதான் ஓடும்.