கூண்டை மாற்றாமல் நாலாவது தண்டலா?

பாம்பனிலிருந்து ஒரு வாசகி: "மகன் வளர்க்கும் காக்கட்டீல் கிளி தலையைச் சாய்த்து, கம்பில் நிற்க முடியாமல் விழுகிறது. மதுரைக்கு மூன்று முறை கொண்டுபோய்விட்டோம். கூண்டுக் கம்பியைக் கொறித்து உடம்பில் துத்தநாகம் ஏறியிருப்பதாக டாக்டர் சொல்கிறார். ஊசி போட்டால் தேறுகிறது, மறுபடி விழுகிறது. மூன்றுக்கும் தினம் கட்டும் தண்டல் கடன்தான் வாங்கினோம். நாலாவது வாங்கலாமா, பெட் இன்சூரன்ஸ் போடலாமா?"

வாங்காதீர்கள். தண்டல் வட்டி அதிகம் என்று உங்களுக்கே தெரியும். எத்தனை அதிகம் என்று மட்டும் பாருங்கள். தண்டல்காரர் 10,000 என்று எழுதி 8,500 கையில் தருகிறார். தினம் 100 வீதம் 100 நாள். பாதிப் பணம் பாதி நாளிலேயே திரும்பிவிடுவதால், நீங்கள் சராசரியாக வைத்திருப்பது 4,250தான். அதற்கு 1,500 வட்டி. வருஷக் கணக்கில் 125 சதவீதத்தைத் தாண்டுகிறது.

அந்த 8,500இல் கார் வாடகை 5,000, டாக்டருக்கும் மருந்துக்கும் 1,800, மிச்சம் பழைய தண்டல் பாக்கிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். பறவைக்குப் போனது கால்வாசிகூட இல்லை! அப்புறம் அதே துத்தநாக முலாம் பூசிய கூண்டில் கொண்டுபோய் அடைக்கிறீர்கள். கொழுந்தனார் ஆசையாக வாங்கித் தந்தது, மாற்றினால் கோபிப்பாராம். கோபிக்கட்டும். நீங்கள் விசாரித்த துருப்பிடிக்காத எஃகுக் கூண்டு 6,000. விலை கேட்டு மலைத்தீர்கள், ஆனால் மூன்று தண்டலில் வட்டியாக மட்டும் 4,500 கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. 61 நாள் போட் கரையில் நிற்கும், தண்டல்காரர் நிற்க மாட்டார். அதற்கு 6,100 வேண்டும். பெட்டியில் இருக்கும் கம்மலை வங்கியில் வைத்து 12,000 வாங்குங்கள். 12 சதவீதம் என்றாலும் மாதம் 120 ரூபாய். பாதி கூண்டுக்கு, பாதி தவணைக்கு, குறையும் 100 கையிலிருந்து. ஓடும் தண்டலை அவசரப்பட்டு அடைக்க வேண்டாம். வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டார், தள்ளுபடி தந்தால் மட்டும் அடையுங்கள்.

இன்சூரன்ஸா? ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள். பிரீமியம்தான் போகும்.

புதுக் கூண்டு வரும்வரை கம்பைத் தரையோடு இறக்கி, அடியில் பழைய துண்டை விரித்து வையுங்கள். அடுத்த ஊசியை ராமநாதபுரம் அரசு கால்நடை மருத்துவமனையில் போட முடியுமா என்று மதுரை டாக்டரிடமே கேளுங்கள், சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். பஸ்ஸிலேயே போய் வரலாம்.