தேறல் வைக்க எந்த ஈஸ்ட்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

தேனில் மது வைப்பதைப் பற்றிக் கேட்டு இந்தக் கிழமை நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். வெள்ளைக்காரர் மீட் என்பார்கள், சங்க இலக்கியத்தில் மூங்கில் குழாய்க்குள் விளையவைத்த தேறல் என்று வருவதும் கிட்டத்தட்ட இதுதான். நான் மட்டக்களப்புக் கல்லடிக்காரன். லண்டனில் இருந்த காலத்தில் பல வருடம் வீட்டில் செய்து பழகியவன், அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

அண்ணே, இதை இங்கே மட்டக்களப்பில் வீட்டில் செய்யலாமா? (ஆரையம்பதி)

செய்யக்கூடாது தம்பி. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது உற்பத்தி செய்தால் குற்றம். பிரித்தானியாவில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் செய்யலாம், விற்கத்தான் கூடாது. ஊருக்கு வந்த பிறகு நானும் செய்வதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டு மேலே வாசியுங்கள்.

நான் மெல்பேர்ணில் இருக்கிறேன், ஊர் களுவாஞ்சிகுடி. கடையில் பத்து வகை ஈஸ்ட் இருக்கிறது, எதை எடுப்பது?

முதலில் உங்கள் அறை எவ்வளவு சூடு என்று பாருங்கள் தங்கச்சி. எல்லோரும் சுவையைக் கேட்டு ஈஸ்ட் வாங்குகிறார்கள், சூடுதான் முதல் கேள்வி. லால்வின் 71பி என்ற ஈஸ்ட் 15 முதல் 30 பாகை வரை தாங்கும், சுமார் 14 வீதம் அல்கஹோல் வரை போகும், பழவாசம் தரும், பழங்களில் இருக்கிற மாலிக் என்ற புளிப்பில் கொஞ்சத்தையும் தின்றுவிடும். முதல் தடவை வைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இசி-1118 முரட்டு ஈஸ்ட், 18 வீதம் வரை போகும், ஆனால் தேனின் வாசத்தில் பாதியை அடித்துக்கொண்டு போய்விடும். கோடையில் அறை 30ஐத் தாண்டுமென்றால் கே1-வி1116 எடுங்கள், அது 35 வரை தாங்கும்.

டி47 நல்ல ஈஸ்ட்தான், ஆனால் 20 பாகைக்குக் கீழே வைக்க முடிந்தவர்களுக்கு மட்டும். ஒரு ஜூலை மாத வெக்கையில் கூரைக்கடியில் இருந்த அறையில் நான் அதை வைத்துவிட்டேன். மூடியைத் திறந்தபோது நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் மாதிரி மணந்தது, வாயில் வைத்தால் தொண்டை எரிந்தது. ஒரு வருடம் கிடந்த பிறகுதான் ஓரளவுக்காவது குடிக்கிற மாதிரி ஆனது. நல்ல தேனை அப்படிப் பாழாக்கியது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

பாண் ஈஸ்ட் போட்டால் சரிவராதா?

வரும். 12 வீதம் வரை போகும். ஆனால் அடியில் இறுக்கமாகப் படியாது, வடிக்கும்போது கலங்கும்.

அளவு சொல்லுங்கள் அண்ணே, எவ்வளவு தேனுக்கு எவ்வளவு தண்ணீர்? (திருக்கோவில், இப்போது லண்டன்)

4.5 லீட்டர் கண்ணாடிச் சாடிக்கு 1.4 கிலோ தேன். அதாவது ஒரு லீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் ஊரில் சாராயப் போத்தலில் தேன் விற்பார்களே, அந்த 750 மில்லிப் போத்தல் ஒன்று ஒரு கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும், அப்படி ஒன்றே கால் போத்தலுக்குக் கொஞ்சம் கூட. மிச்சம் தண்ணீர். அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தால் 1.090 அளவில் நிற்கும், முழுவதும் நொதித்தால் ஏறக்குறைய 12 வீதம். இனிப்பாக வேண்டுமென்று தொடக்கத்திலேயே தேனை அள்ளிக் கொட்டாதீர்கள். சீனி கூடினால் ஈஸ்ட் தொடங்கவே திணறும். இனிப்பைக் கடைசியில் சேர்க்கலாம்.

தேனைக் கொதிக்க வைக்கவேண்டாம், வாசம் போய்விடும். சாமான்களைக் கழுவிக் கிருமிநீக்கி போட்டு அலசுங்கள், அதில் மட்டும் சோம்பல் கூடாது. 5 கிராம் பைக்கற் ஒன்றை 35 முதல் 40 பாகைத் தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவைத்துவிட்டு ஊற்றினால் போதும்.

என்னுடையது ஐந்தாம் நாளே முட்டை அழுகிய மாதிரி மணக்கிறது. (வாழைச்சேனை, இப்போது டொராண்டோ)

பசி அக்கா, ஈஸ்ட்டுக்குப் பசி. தேனில் சீனி நிறைய இருக்கிறது, நைதரசன் இல்லை என்றே சொல்லலாம். முந்திரிகை வற்றல் பத்துப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வது சரியில்லை, அதில் கிடைப்பது காணாது. ஃபெர்மெய்ட்-ஓ என்ற ஈஸ்ட் உணவுத் தூள் 4 முதல் 5 கிராம் எடுத்து நான்காகப் பிரித்து முதல் மூன்று நாளும் ஒவ்வொன்று, சீனியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் கடைசிப் பங்கு. போடுவதற்கு முன்பு மெதுவாகக் கலக்கி வாயுவை வெளியேற்றுங்கள், அப்படியே தூளைக் கொட்டினால் நுரை சாடியின் கழுத்தால் பொங்கி மேசையெல்லாம் ஓடும். உங்களுடையதற்கு இப்போதே ஒரு பங்கு போட்டுக் கலக்குங்கள்.

கசிப்புக் குடித்துக் கண் போனவர்கள் இருக்கிறார்களே, இதிலும் அந்த ஆபத்து உண்டா? (கல்முனை)

இது காய்ச்சி வடிப்பதில்லை. கண்ணைப் பறிக்கிற மெதனோல் என்ற நஞ்சு நொதிப்பில் பெரும்பாலும் பழத்திலுள்ள பெக்டினிலிருந்து வருவது, தனித் தேனில் அது உருவாவது மிகமிகக் குறைவு. கண் போவது பெரும்பாலும் தொழிற்சாலை மெதனோலை யாரோ சாராயத்தில் கலந்து விற்பதால். ஆனால் வைத்த தேறலை ஒருபோதும் காய்ச்சி வடிக்க நினைக்காதீர்கள், அது வேறு ஆபத்து, வேறு குற்றம்.

மாம்பழம் போடலாமா?

தாராளமாக. முதல் நொதிப்பு அடங்கிய பிறகு ஒரு கிலோ போடுங்கள், முன்பே போட்டால் வாசம் வாயுவோடு போய்விடும்.

எப்போது போத்தலில் அடைப்பது?

குமிழி நின்றதை நம்பவேண்டாம். ஹைட்ரோமீட்டரில் பாருங்கள், இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பாருங்கள், இலக்கம் அசையாமல் நின்றால் அடைக்கலாம். பிறகு தேன் சேர்த்து இனிப்பாக்குவதென்றால் ஈஸ்ட் திரும்பப் பெருகாமல் தடுக்கிற பொட்டாசியம் சோர்பேற்றும் மெற்றாபைசல்பைற்றும் இரண்டும் சேர்த்துப் போட்டபின்தான். இல்லாவிட்டால் அடைத்த போத்தலுக்குள் திரும்ப நொதித்துக் கண்ணாடி வெடிக்கும். அடைத்த கையோடு குடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இல்லையென்று ஊற்றிவிடாதீர்கள், ஆறு மாதமாவது இருட்டில் கிடக்கட்டும்.