சிந்த்ரா: மலைநகரில் ஒன்றரை மணி நேரம்

வாசகர் கேள்வி – பதில்

போர்ச்சுகல் பயணம் குறித்து வந்த கடிதங்களில் பலவும் சிந்த்ராவைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் அந்த ஓர் ஊருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: லிஸ்பனில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க நானும் என் கணவரும் அடுத்த மாதம் செல்கிறோம். சிந்த்ராவுக்கு ஒரு நாள் வைத்திருக்கிறோம். கணவருக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. ரயில் நிலைய வாசலிலேயே ஆட்டோ போன்ற வண்டிகள் நிற்கும் என்றும், ஓட்டுநரே கதை சொல்லிக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் ஊரைச் சுற்றிக் காட்டுவார் என்றும் மகன் சொல்கிறான். அவ்வளவு குறுகிய சுற்றால் பயன் உண்டா? பேருந்தே போதுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பயன் உண்டு, அம்மா. ஆனால் அது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் ஏறுகிறவர்களே ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள்.

லிஸ்பனின் ரோசியு நிலையத்திலிருந்து ரயில் ஏறினால் ஏறக்குறைய 40 நிமிடத்தில் சிந்த்ராவில் இறங்கிவிடலாம். ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆண்ட மூர்கள் என்ற முஸ்லிம்கள் கட்டிய மூர் கோட்டையும், பேனா அரண்மனையும் அதற்கு வெகு மேலே, காட்டுக்குள், பாறைகளின் மீது நிற்கின்றன. நடந்து ஏறுவதென்றால் நல்ல காலுள்ளவருக்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். மூட்டுவலி உள்ளவர் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. வெளியூர்க்காரர்கள் சொந்தக் காரை அந்த மலைச்சாலையில் ஓட்டிச் செல்லவும் தடை இருப்பதால், ஏறுவதற்கு உள்ள வழி 434 என்ற எண்ணுள்ள சுற்றுப் பேருந்து, வாடகைக் கார், அல்லது உங்கள் மகன் சொல்லும் டுக்-டுக் வண்டி ஆகிய மூன்றுதான்.

டுக்-டுக் என்பது நம் ஊர் ஆட்டோவின் உறவுக்கார வண்டிதான். பல வண்டிகள் இப்போது மின்கலத்தில் ஓடுகின்றன. பேருந்தில் கூட்ட நாள்களில் நின்றுகொண்டே கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க நேரும்; நிற்பவருக்குச் சாலையோரம் எதுவும் கண்ணில் படாது. இந்தச் சிறு வண்டியிலோ உட்கார்ந்தபடியே போகலாம், நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துவார்கள். என் தாயாரை அழைத்துச் சென்றபோது, ஊருக்குள் நுழையும் வளைவில் வண்ண ஓடுகள் பதித்த பழைய மூர் பாணி நீரூற்று ஒன்றின் முன் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். அம்மா இறங்கிச் சென்று ஓடுகளைத் தடவிப் பார்த்தார். நீலமும் பச்சையுமான மெருகு விரலுக்கு வழுவழுப்பாகவும், ஓடும் ஓடும் சேரும் இடம் பாசியால் ஈரமாகவும் இருந்தன. பேருந்தில் போயிருந்தால் அந்த இடத்தை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம்.

இனி, பயன்படாத பக்கத்தைச் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரச் சுற்று எந்த அரண்மனைக்குள்ளும் உங்களை அழைத்துச் செல்லாது. "பேனா அரண்மனை உண்டு" என்று ஓட்டுநர் சொன்னால், அரண்மனைப் பூங்காவின் வாயில்வரை உண்டு என்று பொருள். அந்த வாயிலிலிருந்து அரண்மனை வாசலுக்கு இன்னும் ஒரு செங்குத்தான ஏற்றம் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணத்தில் பூங்காவின் உள் வண்டி ஓடுகிறது. அது மட்டுமல்ல, பேனாவின் உட்பகுதிக்கான நுழைவுச்சீட்டில் நாளோடு நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நேரம் பூங்கா வாயிலுக்குரியதன்று, மேலே உள்ள அரண்மனை வாசலுக்குரியது. தவறினால் உள்ளே விடமாட்டார்கள். இதை அறியாமல், குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாக எங்களைப் பூங்கா வாயிலில் இறக்கிவிட்ட ஓர் ஓட்டுநரை நம்பியதால், நாங்கள் வாங்கிய சீட்டுகள் வீணாயின. அன்று அம்மா மூச்சிரைக்க அந்த ஏற்றத்தில் பாதிவழி நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. எனவே பேனாவுக்குள் போக வேண்டுமென்றால், குறித்த நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பாவது பூங்கா வாயிலில் இருக்கும்படி சுற்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கு முன் ஓட்டுநரிடம் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டுவிடுவது நல்லது. சொல்லும் கட்டணம் வண்டிக்கா, ஆளுக்கா. மலைமேல் இறங்கிப் பார்க்கும் நேரம் அந்த ஒன்றரை மணிக்குள் அடங்குமா. சுற்று முடிவில் நிலையத்தில் விடுவாரா, ஊர்ச் சதுக்கத்தில் விடுவாரா என்பவை அவை. கேட்டால் முகம் சுளிக்கிறவரின் வண்டியில் ஏறாதீர்கள். அடுத்த வண்டி பின்னாலேயே நிற்கும்.

உங்கள் கணவருக்காக நான் சொல்லும் திட்டம் இதுதான்: காலையிலேயே, கூட்டம் சேருமுன், டுக்-டுக்கில் மலைச்சுற்றை முடித்துக்கொண்டு ஊர்ச் சதுக்கத்தில் இறங்கிவிடுங்கள். பேனாவை வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறைவு கொண்டு, சதுக்கத்தை ஒட்டி நிற்கும் தேசிய அரண்மனைக்குள் செல்லுங்கள். 33 மீட்டர் உயரமுள்ள இரண்டு வெண்ணிறக் கூம்புப் புகைப்போக்கிகளால் அதைத் தொலைவிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். இரண்டும் சமையற்கட்டுக்கு உரியவை. உள்ளே படிகள் உண்டு என்றாலும் மலைமேல் படும் பாடு இல்லை. பிறகு ஏதாவது ஒரு பழைய கடையில் கெய்ஜாடா வாங்கிச் சாப்பிடுங்கள். பாலாடைக்கட்டியும் முட்டையும் சர்க்கரையும் லவங்கப்பட்டையும் சேர்த்து, அப்பளம்போல் மெல்லிய மாவுக் கிண்ணத்தில் சுட்டெடுக்கும் சிறு பண்டம் அது. தாளில் சுருட்டி ஆறு ஆறாகக் கட்டித் தருவார்கள். முட்டை சேர்ந்திருப்பதைச் சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ஜூலையில் போகிறோம். கோடைதானே, குளிராடை தேவையா?
— வாசகர், திருச்சி

பதில்: தேவை. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை முதலில் எதிர்கொள்வது இந்த மலைத்தொடர்தான். காற்று சரிவில் மேலேறிக் குளிரும்போது மூடுபனியாகிவிடுகிறது. லிஸ்பனில் வெயில் கொளுத்தும் அதே காலையில் பேனாவின் கோபுரங்கள் பனிக்குள் மறைந்திருப்பதுண்டு. பக்கவாட்டில் கதவில்லாத வண்டியில் அந்த ஈரக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். ஆளுக்கொரு சால்வையாவது கையில் இருக்கட்டும்.

கேள்வி: இப்படிப்பட்ட சுற்றுகளில் ஓட்டுநரும் வழிகாட்டியும் சொல்லும் கதைகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? எங்கள் ஊரிலும் கோயில் வழிகாட்டிகள் வாய்க்கு வந்ததைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: கதையையும் வரலாற்றையும் தனித்தனியே வைத்துக் கேட்கத் தெரிந்தால் இரண்டுமே சுவைதான். சிந்த்ராவில் நீங்கள் கட்டாயம் கேட்கப்போகும் ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். தேசிய அரண்மனையில் ஒரு கூடத்தின் மேற்கூரை முழுவதும் கறுப்பு வெள்ளைப் பறவைகள் தீட்டப்பட்டிருக்கின்றன. மேக்பை எனப்படும் காக்கை இனத்துப் பறவைகள் அவை, 136 இருக்கின்றன. மன்னர் முதலாம் ஜுவான் அரண்மனைப் பெண் ஒருத்திக்கு முத்தமிட்டதை அரசி பிலிப்பா பார்த்துவிட்டாராம். "நல்லெண்ணத்தோடுதான்" என்று சமாளித்த மன்னர், அதைப் பற்றி வம்பு பேசிய பெண்கள் எத்தனை பேரோ அத்தனை பறவைகளை வரையச் செய்தாராம். பறவை ஒவ்வொன்றும் "போர் பெம்" என்று எழுதிய நாடாவை ஏந்தியிருக்கிறது. அதற்கு ஏறக்குறைய அதே பொருள்தான். வரலாறு சொல்வது வேறு. "போர் பெம்" என்பது அந்த மன்னரின் முத்திரை வாசகம். பறவைகள் காலில் பற்றியிருக்கும் ரோஜாவோ அரசி பிறந்த இங்கிலாந்தின் லங்காஸ்டர் குலத்தை நினைவூட்டுவது. கணவன், மனைவி இருவரின் சின்னங்களையும் ஒரே கூரையில் சேர்த்து வைத்திருக்கும்போது, அதை மனைவியை அவமதித்த கதையாகச் சொல்வது அந்த அரசிக்குச் செய்யும் நியாயமாக எனக்குப் படவில்லை.

அதே அரண்மனையில் உண்மையே கதையைவிடக் கனமாக இருக்கும் ஓர் அறையும் உண்டு. ஆறாம் அபோன்சு என்ற மன்னரை அவருடைய தம்பியே ஆட்சியிலிருந்து நீக்கிவிட்டார். பின்னர் அவர் இந்த அரண்மனையில் பல ஆண்டுகள் அடைத்துவைக்கப்பட்டு, 1683-ல் இங்கேயே இறந்தார். அவர் நடந்து நடந்தே தரையோடுகள் தேய்ந்தன என்பார்கள். அவருடைய காலடிதான் தேய்த்ததா என்பதை யாரும் நிறுவ முடியாது. அந்த அறையில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் சிறைப்பட்டிருந்தார் என்பது மட்டும் உறுதி.

பேனாவைப் பற்றியும் "இடைக்கால அரண்மனை" என்று சில ஓட்டுநர்கள் சொல்லிவிடுகிறார்கள், அது சரியன்று. அங்கே முன்பு இருந்தது ஒரு துறவியர் மடம். 1755-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அது பெரிதும் சேதமடைந்தது. 1834-ல் துறவியர் சபைகள் கலைக்கப்பட்டபின் கைவிடப்பட்டது. 1838-ல் அரசி இரண்டாம் மரியாவின் கணவர் இரண்டாம் பெர்னாந்து அந்த இடிபாட்டை விலைக்கு வாங்கி, எஷ்வேக என்ற ஜெர்மானியச் சுரங்கப் பொறியாளரைக் கொண்டு அரண்மனையாக வளர்த்தார். பழைய மடத்துப் பகுதி சிவப்பாகவும் புதிதாகச் சேர்த்த பகுதி மஞ்சளாகவும் இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அரண்மனையை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எது எப்போது எழுந்தது என்பது விளங்கிவிடும். மூர் கோட்டையின் வயது அதைவிடப் பல நூற்றாண்டுகள் கூடுதல். 1147-ல் லிஸ்பன் வீழ்ந்தபின் அதுவும் போர்ச்சுகீசிய அரசர் அபோன்சு என்ரிக்கேயின் கைக்கு வந்தது.

கேள்வி: கடல்வழியாக நம் கரைக்கு வந்தவர்கள் போர்ச்சுகீசியர். அவர்களுடைய மன்னர்கள் கோடையைக் கழித்த ஊரில் நம் நாட்டின் சுவடு ஏதும் உண்டா? குறுகிய சுற்றில் அதைப் பார்க்க முடியுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், இராமநாதபுரம்

பதில்: ஐயா, உங்கள் மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வாஸ்கோ ட காமாவைக் கப்பலேற்றி அனுப்பிய மன்னர் முதலாம் மனுவேல்தான் தேசிய அரண்மனையையும் பெரிதாக விரிவாக்கினார். சதுக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும் பின்னல் வேலைப்பாடு கொண்ட சன்னல்கள் அவர் காலத்துப் பாணியைச் சேர்ந்தவை. அவற்றைக் கைகாட்டி எங்கள் ஓட்டுநர் "ஜனேலா" என்றபோது, ஒரு வார்த்தை போர்ச்சுகீசியமும் அறியாத என் தாயார் "சன்னலைத்தானே சொல்கிறார்?" என்று கேட்டார். சாவியும் மேசையும் அலமாரியும் அந்த மொழியிலிருந்து நம்மிடம் வந்தவையே என்று நான் சொன்னதும், வழியெல்லாம் கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் அவர் ஓட்டுநரிடம் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார்.

நீங்கள் கேட்கும் சுவடு ஊரின் மேற்கே செல்லும் சாலையில் இருக்கிறது. பல குறுகிய சுற்றுகள் பேனாவிலிருந்து இறங்கியதும் நிலையத்துக்குத் திரும்பிவிடும். ரெகலெய்ரா மாளிகை, சேத்தெய்ஸ் அரண்மனை வழியாக மொன்செராத் அரண்மனைப் பக்கம் போகும் சுற்றா என்று கேட்டு ஏறுங்கள். ரெகலெய்ராவின் புகழ்பெற்ற கிணறு, தண்ணீருக்காக அல்லாமல் சுழல்படியில் இறங்குவதற்கென்றே 27 மீட்டர் ஆழத்துக்குக் கட்டப்பட்டது. அதைக் காண இறங்கி நடக்க வேண்டும், வண்டியிலிருந்து மதில் மட்டுமே தெரியும். அதைக் கடந்து, சேத்தெய்ஸுக்கு அப்பால், பெஞ்ஞா வெர்தி என்ற தோட்டமாளிகை வருகிறது. போர்ச்சுகீசிய இந்தியாவை ஆண்டு, 1548-ல் கோவாவில் இறந்த ஜுவான் டி காஸ்த்ருவுக்கு உரியதாக இருந்த இடம் அது. இன்று தனியார் சொத்து என்பதால் உள்ளே போக வழியில்லை.

குஜராத்தின் சோமநாதபுரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு அந்தத் தோட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. கல்வெட்டறிஞர்கள் அதை இந்த ஊரின் பெயராலேயே சிந்த்ரா பிரசஸ்தி (பிரசஸ்தி என்றால் புகழுரைக் கல்வெட்டு) என்று அழைக்கிறார்கள். குஜராத்தை ஆண்ட வாகேலா மரபின் மன்னர் சாரங்கதேவரின் காலத்தில், 1287-ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட அந்தக் கல், திரிபுராந்தகர் என்ற பாசுபத சைவத் துறவியைப் போற்றுகிறது. அவர் கேதாரத்துக்கும் பிரயாகைக்கும் ஸ்ரீபர்வதத்துக்கும் யாத்திரை போனதைச் சொல்லிவரும் அந்தக் கல், தெற்கே அவர் சென்று வழிபட்ட தலமாக உங்கள் இராமேசுவரத்தைச் சொல்கிறது.

அந்த மதிலை ஒட்டிச் செல்லும்போது வண்டியைச் சற்று மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், ஐயா. பாசி படர்ந்த சுவரும் மரங்களும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். ஓட்டுநருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, நீங்கள் அவருக்குச் சொல்லலாம்.