மாமா தரும் பத்து லட்சம், வராத பில், கிளம்பிப்போன பார்ட்னர்

நானும் கல்லூரி நண்பனும் சரிபாதி பங்கில் பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்தோம். எட்டு மாதத்தில் அவன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். பாதி ஷேர் இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது. கேட்டால் "இருக்கட்டுமே" என்கிறான். (மதுரை)

இந்த மாதமே பேசி முடியுங்கள். கம்பெனிக்குப் பெரிய மதிப்பு இல்லாத இப்போதுதான் இந்தப் பேச்சு சுலபமாக முடியும், நாளைக்கு ஒரு முதலீட்டாளர் வந்து உட்கார்ந்த பிறகு அதே நண்பனிடம் பேச வக்கீல் தேவைப்படும். உலகம் முழுக்க வழக்கத்தில் இருக்கும் கணக்கு இதுதான்: பங்கு நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும், முதல் வருடத்துக்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. அதை நீங்கள் எழுதி வைக்காததால் அவர் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனாலும் எட்டு மாதம் உழைத்திருக்கிறார், ஐந்து சதவீதம் போல வைத்துக்கொள்ளச் சொல்லி மீதியைக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எஸ்.எச்-4 என்ற ஷேர் மாற்றும் படிவத்தில் உங்கள் பெயருக்கு மாற்றி எழுதுங்கள். அதற்கு முன்னால் ஆடிட்டரிடம் ஷேர் மதிப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மதிப்பைவிட ரொம்பக் குறைந்த விலைக்கு வாங்கினால் அந்த வித்தியாசத்துக்கு நீங்கள் வருமான வரி கட்ட வேண்டி வரும்.

இனிமேல் ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாலு வருடக் கணக்கை ஒப்பந்தமாக எழுதினால் மட்டும் போதாது, அதே ஷரத்தைக் கம்பெனியின் ஆர்ட்டிக்கிள்ஸிலும், அதாவது பதிவு செய்த உள்விதிகளிலும், ஏற்றுங்கள். ஒரு குடும்பக் கம்பெனியில் அண்ணன் தம்பி இரண்டு கிளையும் எப்போதும் சம பங்கு வைத்திருக்க வேண்டும் என்று 1951-ல் வாய்ப்பேச்சாக முடிவு செய்தார்கள். பிற்பாடு ஒரு மகன் தன் பங்கை அடுத்த கிளைக்கு விற்றுவிட்டார். ரங்கராஜ் - கோபாலகிருஷ்ணன் வழக்கு என்று அது உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆர்ட்டிக்கிள்ஸில் இல்லாத கட்டுப்பாடு செல்லாது என்று 1991-ல் தீர்ப்பு வந்தது. நாற்பது வருடம் கழித்து!

பெரிய கம்பெனி ஒன்று ஏழு லட்சம் பாக்கி வைத்திருக்கிறது, ஐந்து மாதம் ஆகிறது. கேஸ் போடலாமா? (திருப்பூர்)

கேஸுக்கு முன்னால், பில் எந்த மேஜையில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். என் முதல் பெரிய ஆர்டரில் மூன்று மாதம் வாரா வாரம் பர்ச்சேஸ் மேனேஜருக்குப் போன் செய்துகொண்டிருந்தேன், அவரும் "அடுத்த வாரம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நேரில் போய் அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேட்டால், பில்லில் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர் இல்லாததால் சிஸ்டத்தில் ஏற்றவே இல்லை என்றார் அங்கிருந்த அம்மா. ஒரு தட்டு நிறைய அப்படிப்பட்ட பில்கள், என்னுடையது அடியில் மூன்றாவதாக இருந்தது. புது பில் கொடுத்தேன், பதினோராம் நாள் பணம் வந்தது. அந்த அம்மாவைத்தான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

பில் சரியாகவே இருந்தும் தரவில்லை என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. பதிவு இலவசம், சரக்கு அனுப்புவதற்கு முன்பே செய்து வைப்பது நல்லது.

வட்டியைச் சொல்லி மிரட்டுவதைவிட வேலை செய்யும் இரண்டு விஷயம் உண்டு. கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடிக்கும் வரை அவர்கள் அதைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. அப்புறம், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்த பில்லின் ஜி.எஸ்.டி.யைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்ட கிரெடிட்டையும் அவர்கள் திருப்பிக் கட்ட வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதம் என்றால் இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் மரியாதையாக ஒரு பக்கக் கடிதத்தில் எழுதி, உத்யம் நம்பரைப் போட்டு, அவர்களுடைய ஃபைனான்ஸ் தலைவருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வராத பாக்கிக்கான அரசின் எம்.எஸ்.எம்.இ. இணையதளத்தில் புகார் கொடுங்கள். அந்த வாடிக்கையாளர் அதோடு போய்விடலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

தாய்மாமா பத்து லட்சம் கடனாகத் தருகிறேன் என்கிறார். கம்பெனி கணக்கில் வாங்கலாமா? (நாமக்கல்)

ரொக்கமாக வேண்டவே வேண்டாம். இருபதாயிரமோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

பேங்க் வழியாகவும் நேராகக் கம்பெனி வாங்குவதில் சிக்கல் இருக்கிறது. டைரக்டரோ அவருடைய உறவினரோ தங்கள் சொந்தப் பணத்தைப் பிரைவேட் கம்பெனிக்குக் கடன் தரலாம், ஆனால் கம்பெனி சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் மனைவி அல்லது கணவர், அப்பா, அம்மா, பிள்ளைகள், மருமகன், மருமகள், கூடப்பிறந்தவர்கள், ஒரே இந்துக் கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள் இவ்வளவுதான் வருகிறார்கள். தாய்மாமா இல்லை, மாமனாரும் இல்லை. நம் ஊரில் காது குத்துக்கு மடி தரும் மாமா அந்தச் சட்டத்துக்கு அந்நியர், அவர் தரும் பணம் டெபாசிட் ஆகிவிடும், பிரைவேட் கம்பெனி வெளியாரிடம் டெபாசிட் வாங்கக் கூடாது. ஆனால் வருமான வரிச் சட்டத்தில் அவர் உறவினர்தான், அவர் உங்களுக்கு அன்பளிப்பாகத் தந்தால் வரி கிடையாது. அப்படித் தந்ததை நீங்கள் டைரக்டராகக் கம்பெனிக்குக் கடனாகக் கொடுக்கலாம். கடனாகவே தர விரும்பினால் அந்த வழி சரிப்படாது, ஏனென்றால் நீங்கள் போடும் பணம் கடன் வாங்கியதல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போது ஷேராக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், கம்பெனி செக்ரட்டரி ஒருவரை வைத்து முறைப்படி செய்யுங்கள். எந்த வழியானாலும் அத்தையும் உட்கார்ந்திருக்கும்போது "இது திரும்பி வராமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஆப்பை ரெண்டாயிரம் பேர் டவுன்லோட் செய்திருக்கிறார்கள். முதலீட்டாளரைப் பார்க்கலாமா? (திருச்சி)

காசு கொடுத்தவர் எத்தனை பேர்? அதை நீங்கள் எழுதவில்லை. பத்துப் பேரிடம் காசு வாங்கிவிட்டுப் போங்கள், இலவசமாகப் பயன்படுத்தியவர்கள் சொல்லாத குறையெல்லாம் அந்தப் பத்துப் பேர் சொல்வார்கள்.

ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். இந்த மாதம் சம்பளம் பத்து நாள் தள்ளும் போலிருக்கிறது. சொன்னால் பயந்து போய்விடுவார்களோ? (கோவை)

சொல்லுங்கள், இன்றைக்கே. ஒரு தடவை நான் ஒன்றாம் தேதி காலை வரை பணம் வந்துவிடும் என்று நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் தேதி ஒரு பையனுக்கு பைக் இ.எம்.ஐ. திரும்பிவிட்டது. பேங்க் மெசேஜை என்னிடம் காட்டவில்லை, பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டிக்கொண்டிருந்தான். அடுத்த முறை அந்த நிலைமை வந்தபோது இருபத்திநாலாம் தேதியே எல்லோரையும் கூப்பிட்டு, யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், எந்தத் தேதியில் எதிர்பார்க்கிறேன் என்று போர்டில் எழுதிக் காட்டினேன். யாரும் வேலையை விடவில்லை. ஒருவர் மட்டும் வீட்டு வாடகைக்குப் பாதி கேட்டார், கொடுத்தேன்.

முதலில் உங்கள் சம்பளத்தை நிறுத்துங்கள். குறைந்த சம்பளக்காரருக்கு முழுதாகக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குத் தேதி சொல்லுங்கள். பி.எஃப். பிடித்திருந்தால் அதைத் தொடவே கூடாது, அது அவர்கள் பணம், அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஜி.எஸ்.டி.க்கு எடுத்து வைத்ததையும் சம்பளத்துக்குத் திருப்பாதீர்கள், 20-ம் தேதி அது உங்களைத் தேடி வரும். அப்புறம் சொன்ன தேதிக்கு முந்தின நாளே பாதியாவது போட்டுவிடுங்கள்.