ஓடும் குவாட்டர்பேக்கை நம்பி எடுக்கலாமா?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். அலுவலக ஃபேன்டசி ஃபுட்பால் லீகில் (நிஜ அமெரிக்க ஃபுட்பால் வீரர்களை எடுத்து, களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் போட்டி) முதல்முறையாகச் சேர்ந்திருக்கிறேன். "ஓடுகிற குவாட்டர்பேக்கை எடு" என்கிறார்கள் நண்பர்கள்; அதாவது பாஸ் எறிவதோடு நிற்காமல் தானே பந்தோடு ஓடவும் செய்பவரை. "பாதி சீசனில் முட்டி போய் உட்கார்ந்துவிடுவான்" என்கிறார் மேனேஜர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நண்பர்கள் பேச்சைக் கேளுங்கள். ஆனால் ஓட்டத்தை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள்.

முதலில் கணக்கு. பெரும்பாலான லீகுகளில் பாஸ் எறிந்து எடுக்கும் 25 யார்டுக்கு 1 புள்ளி. ஓடினால் 10 யார்டுக்கே 1 புள்ளி. பாஸில் வந்த டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) 4, ஓடிப் போட்டால் 6. (உங்கள் லீகின் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் இரண்டுக்கும் 6.) 2024 சீசனில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லாமர் ஜாக்சன் 915 யார்டு ஓடினார். அதற்கே 91 புள்ளி. பாஸ் எறிந்து அதைச் சம்பாதிக்க 2,300 யார்டு வரை வேண்டும்.

அதே சீசனில் அவர் பாஸில் 4,172 யார்டு எடுத்து 41 டச்டவுன் எறிந்தார். எதிரணி கையில் மாட்டியது வெறும் 4 பாஸ். மாற்றம் இங்கேதான் இருக்கிறது. 2006இல் அட்லாண்டாவின் மைக்கேல் விக் 1,039 யார்டு ஓடி, ஒரே சீசனில் ஆயிரம் யார்டைத் தாண்டிய முதல் குவாட்டர்பேக் ஆனார். ஆனால் அவர் எறிந்த பாஸ்களில் பாதிக்குச் சற்று மேல்தான் சேர்ந்தன. அணியும் 7 வெற்றி, 9 தோல்வி. அப்போது கையின் குறையைக் கால் ஈடுகட்டியது. இப்போது கைக்கு வழி திறப்பதே கால்தான்.

எப்படி என்றால், எதிரணியின் தடுப்பு வரிசை ஓரத்தில் நிற்பவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விடுவார்கள். அவர் ரன்னிங் பேக்கை (குவாட்டர்பேக்கிடம் பந்தை வாங்கி ஓடுபவர்) துரத்தினால் பந்து குவாட்டர்பேக்கிடமே இருக்கும். குவாட்டர்பேக்குக்காகக் காத்து நின்றால் பந்து ரன்னிங் பேக்குக்குப் போய்விடும். யாரும் தொடாமலேயே ஒரு ஆள் அவுட். எதிரணி ஆளுக்கு ஆள் காவல் போட்டால், ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) பின்னால் ஓடுகிறவர்களின் முதுகு குவாட்டர்பேக் பக்கம் இருக்கும். குவாட்டர்பேக் நடுவில் புகுந்து ஓடிவிடுவார். அதற்குப் பயந்து அவரவர் பகுதியில் நின்று காத்தால், இடைவெளிகளில் பாஸ் விழும். கபடியில் நீண்ட காலுள்ளவர் பாடி வந்தால், அவர் உதைக்கும் முன்பே எதிரணி ஓரடி பின்னால் நிற்குமே, அதே கதை.

அப்புறம் காயம். மேனேஜர் மனதில் இருப்பவர் வாஷிங்டனின் ராபர்ட் கிரிஃபினாக இருக்கலாம். முதல் சீசனில் 815 யார்டு ஓடினார்; 2013 ஜனவரியில் முட்டி போனது; பழைய வேகம் திரும்பவில்லை. ஆனால் 2022 டிசம்பரில் ஜாக்சன் முட்டியில் அடிபட்டது ஓடும்போது அல்ல, பாஸ் எறிய நின்ற இடத்தில் சாய்க்கப்பட்டபோது. 2023இல் நியூயார்க் ஜெட்ஸுக்காக இறங்கிய ஆரன் ராட்ஜர்ஸுக்கு முதல் போட்டியின் நான்காவது நகர்விலேயே குதிகால் தசைநார் அறுந்து போனதும் அப்படித்தான். ஓடுகிறவருக்காவது வருகிற ஆள் தெரியும். காலை முன்னால் நீட்டிச் சறுக்கிவிட்டால் அந்த நகர்வு அங்கேயே முடிந்தது, அதன்பிறகு மோதினால் 15 யார்டு அபராதம். அதனால் எவ்வளவு ஓடுகிறார் என்பதைவிட, சறுக்கத் தெரிந்தவரா, தோளைக் கொடுத்து முட்டுகிறவரா என்று பாருங்கள்.

கோல் கோட்டருகே பந்து யார் கைக்குப் போகிறது என்பதும் முக்கியம். 2023இல் பிலடெல்பியாவின் ஜேலன் ஹர்ட்ஸ், பஃபலோவின் ஜாஷ் ஆலன் இருவரும் ஆளுக்கு 15 டச்டவுன் ஓடிப் போட்டார்கள்; அதிலேயே 90 புள்ளி. ஹர்ட்ஸை மட்டும் கொஞ்சம் யோசித்து எடுங்கள். கோட்டருகே பந்தோடு முட்டும் அவரை அணியினர் பின்னாலிருந்து தள்ளிவிடுவார்கள்; அந்த முறையைத் தடைசெய்ய 2025 மே மாதம் 22 அணிகள் வாக்களித்தன. 24 தேவைப்பட்டதால் அது தப்பியது. டிராஃப்டுக்கு (லீகில் ஆளுக்கொருவராகச் சுற்றுச் சுற்றாக வீரர்களை எடுப்பது) முன் விதி இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கன்சாஸ் சிட்டியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் வேறு ரகம். 2023 சூப்பர் பவுல் இறுதிப்போட்டியின் கடைசிக் கட்டத்தில், அடிபட்ட கணுக்காலோடு 26 யார்டு ஓடினார். கோப்பைக்கு அது போதும், உங்கள் புள்ளிப் பட்டியலுக்குப் போதாது.

சரி, முதல் சுற்றிலேயே குவாட்டர்பேக்கை எடுத்துவிடாதீர்கள். நல்ல ரன்னிங் பேக்கும் ரிசீவரும் சீக்கிரம் தீர்ந்துவிடுவார்கள். மூன்றாவது சுற்றுவரை பொறுங்கள். மேனேஜர் எப்படியும் உங்களுக்கு முன்னால் ஜாக்சனைத் தொடமாட்டார்.